மதினியின் ஸ்கோர் போர்டு

கறுப்புத் திரையின் நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. மதினியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தப் புள்ளிதான். ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர் அது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி போட்ட அறை, மூன்று மிஷின்கள், அவற்றின் மேல் பூப்போட்ட துணி உறை. மதினி திரைக்கு வெகு அருகில் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தாள். கண்ணாடியில் ஒட்டிய தூசியோ என்று விரலால் துடைத்தும் பார்த்தாள். அது போகவில்லை. என் பக்கம் திரும்பி, "இத நாந்தான வச்சேன்?" என்று கேட்டாள். ஏதோ பெரிய கட்டடத்துக்கு முதல் செங்கல்லை வைத்தவளைப் போல இருந்தது அந்த முகம்.

அவள் அங்கே படிக்க வந்தவளே இல்லை. படிக்க வந்தது நான். தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை அண்ணன் அந்த சென்டரில் சேர்த்துவிட்டான். ஆண் பிள்ளைகள் நிறைந்த இடத்துக்கு ஒற்றையாக அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. "மதினியும் தொணைக்கு வரட்டும். அவ ஒரு ஓரமா ஒக்காந்திருப்பா" என்றாள். மதினி அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கணிதத்தில் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்தைப் பெண் பார்க்க வந்த அன்று பேசியதோடு சரி, அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணன் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலைக்குப் போய்விடுவான். வீட்டில் அம்மாவும் நானும் அவளும்தான்.

சென்டரை நடத்தியவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயதிருக்கும், எப்போதும் சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். முதல் வாரம் முழுக்க மதினி சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் சார், நான் திணறிக்கொண்டிருந்த ஒரு கணக்கைப் பொதுவாகக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. சுவரோரத்திலிருந்து பதில் வந்தது. சார் சிரித்துக்கொண்டே, "அங்க சும்மா ஒக்காந்து எதுக்கு ஏசி காத்து வாங்குறீங்க? மூணாவது மிஷின் காலியாத்தான் கெடக்கு" என்றார். அப்படித்தான் மதினி திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அங்கே சொல்லிக்கொடுத்த சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எனக்குப் பிடிக்காத பாடங்கள் நிறைய. மதினிக்குப் பிடிக்காதது எதுவுமில்லை. ஆனால் கிராஃபிக்ஸ் பாடம் வந்ததும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். அந்த மொழியோடு கிராஃபிக்ஸ் நூலகம் என்று படம் போடும் கட்டளைகளின் தொகுப்பு ஒன்று வரும். கோடு போடு என்றால் போடும், வட்டம் போடு என்றால் போடும், இந்த இடத்தில் ஒரு புள்ளி வை என்றால் வைக்கும். திரை என்பது குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய புள்ளிகளின் வரிசை. எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்று நாம் சொன்னால் போதும். இது எனக்கு ஒரு பாடம், மதினிக்கோ ஒரு ஊர் கையில் கிடைத்த மாதிரி. வீட்டுக்கு வந்து சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே, "சாய்வா ஒரு கோடு போட்டா படிக்கட்டு மாதிரி தெரியுதுல்ல, அதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்பாள். அம்மா என்னைப் பார்ப்பாள். "எம்புட்டு நேரந்தான் அந்தப் பொட்டியில கட்டம் கட்டமா வெளையாடுவீங்க?" என்பாள். "ஒனக்கு கோர்ஸ் முடியட்டும். பொறவு இவளும் வீட்டுல இருக்கலாம்."

கோர்ஸ் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி இருந்தது. சென்டருக்கு நடக்கும்போது மதினியின் நடை வேகமாகிக்கொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது. மிச்சமிருக்கும் நாட்களுக்குள் எல்லாவற்றையும் கற்றுவிட வேண்டும் என்பது போல நடந்தாள்.

அப்போதுதான் கேபிள் அண்ணாச்சி படியேறி வந்தார். ஊரில் கேபிள் டிவி நடத்தியவர். எங்கள் ஊரில் கோடையில் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் அணிகள் வரும். அந்த வாரம் ஊருக்கே திருவிழாதான். முந்தைய வருடம் அண்ணாச்சி கேமரா வைத்து ஆட்டத்தை நேரடியாக வீடுகளுக்குக் காட்டியிருந்தார். ஆனால் மைதானத்தில் இருந்த ஸ்கோர் பலகை கேமராவில் சரியாக விழவில்லை. ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டியிருக்கிறார், அது வெளிச்சம் பட்டுப் பளபளத்ததே தவிர படிக்க முடியவில்லை. "சார், ஸ்கோர் என்னன்னு கேட்டு என் வீட்டு போன் அடிச்சு ஓஞ்சு போச்சு. மதுரையில ஒரு மிஷின் இருக்குங்கான். ஆனா அதுல இங்கிலீஷ் எழுத்துதான் வருமாம். எங்க ஆத்தா வாசிக்க வேண்டாமா? உங்க கம்ப்யூட்டர்ல தமிழ்ல வருமா?" என்றார்.

சார் யோசிக்கவே இல்லை. "வரும்" என்றார்.

அண்ணாச்சி போன பிறகு சார் நாற்காலியில் சாய்ந்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். "வரும்னு சொல்லிட்டேன். எப்படி வரும்னு இனிமேதான் பாக்கணும்" என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். உண்மையில் மூன்றாவது மிஷினைப் பார்த்தார்.

அந்த மிஷினில் தமிழ் எழுத்து என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு எழுத்தையும் நாமே புள்ளி புள்ளியாகச் செய்ய வேண்டும். மதினிக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. அவளுடைய அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். வக்கீல்கள், பஞ்சாயத்து ஆபீஸ்கள், பால்கோவா கடைக்காரர்கள் என்று எல்லாருடைய பெயரும் அந்தக் கடையில் தலைகீழாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். எழுத்து சிறிதானால் எங்கே அடைத்துக்கொள்ளும், எந்தச் சுழி முதலில் காணாமல் போகும் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே அவள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த விஷயங்கள். 'ளை' என்பதில் நடுவில் இருக்கும் வெள்ளை இடம் போய்விட்டால் அது எழுத்தே இல்லை என்பாள்.

முதலில் அவள் ஒரு சிறிய புரோகிராம் எழுதினாள். திரையில் பெரிய கட்டங்கள் தெரியும். அம்புக்குறி விசைகளால் நகரலாம், ஸ்பேஸ் தட்டினால் கட்டம் நிரம்பும், மறுபடி தட்டினால் வெறுமையாகும். கட்டங்களில் ஒரு எழுத்தை இப்படி உருவாக்கினால் பக்கத்தில் அதே எழுத்து உண்மையான அளவில் தெரியும். அவள் எழுத்துகளைச் செய்ய, நான் எண்களைச் செய்தேன். சென்னை, கேரளா, மதுரை, பெங்களூர் என்று வரப்போகும் அணிகளின் பெயர்களுக்கு எந்தெந்த எழுத்து வேண்டுமோ அவற்றை மட்டும் செய்தோம். முழு அகரவரிசைக்கு நேரமில்லை.

எழுத்துகள் அழகாகத்தான் வந்தன. ஆனால் அவற்றைத் திரையில் போட்டதும் சிக்கல் தெரிந்தது. ஒவ்வொரு முறை ஸ்கோர் மாறும்போதும் திரையை அழித்து, புள்ளி புள்ளியாக மறுபடி எழுதினோம். பழைய எண் மறைவதும் புதிய எண் மேலிருந்து கீழாகச் சொட்டுச் சொட்டாக நிரம்புவதும் கண்ணுக்குத் தெரிந்தது. திரை முழுக்க வெட்டி வெட்டி மினுங்கியது. சார் மதுரையிலிருந்து வாங்கி வந்திருந்த, கம்ப்யூட்டர் படத்தை டிவிக்கு அனுப்பும் பெட்டியில் மாட்டிப் பார்த்தபோது இன்னும் மோசம். "இதப் பாத்தா ஊருக்கே தலைவலி வந்துரும்" என்றார் சார்.

இரண்டு நாள் மதினி ஒன்றும் செய்யாமல் கையேட்டை மட்டும் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் மாடிப்படி ஏறும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். "நாம திரையிலதான் எழுதணும்னு நெனச்சுக்கிட்டிருக்கோம். அங்கதான் தப்பு. எங்கப்பா வாடிக்கையாளர் வந்து நின்ன பொறவா எழுத்து கோப்பாரு? கோத்துத் தயாரா வச்சிருப்பாரு. வந்ததும் ஒரே குத்து." கிராஃபிக்ஸ் நூலகத்தில் அதற்கு வழி இருந்தது. திரையில் ஒரு செவ்வகத்தைக் குறித்து, அதில் உள்ளதை வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கலாம். அந்த அளவு இடத்தை நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, கெட் இமேஜ் என்று சொன்னால் அந்தச் செவ்வகம் அப்படியே படமாக நினைவகத்துக்குள் போய்விடும். பிறகு புட் இமேஜ் என்று சொல்லி, திரையில் எந்த இடத்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் அதை ஒரே வீச்சில் வைக்கலாம். எழுதுவது யார் கண்ணுக்கும் தெரியாது. வந்து நிற்பது மட்டும்தான் தெரியும்.

அன்று மத்தியானம் ஏழு இருந்த இடத்தில் எட்டு வந்தது. சொட்டவில்லை, மினுங்கவில்லை. இமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. மதினி விசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று. பக்கத்து மிஷினில் கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். அன்றுதான் அவள் முதல்முறையாக என்னை உரிமையோடு ஏட்டி என்று கூப்பிட்டாள். "ஏட்டி, பாத்தியா!"

அடுத்த சிக்கலும் உடனே வந்தது. ஆட்டத்தின் இடைவேளையில் கடைகளின் விளம்பர அட்டையைத் திரை முழுக்கக் காட்டி, பிறகு ஸ்கோர் பலகைக்குத் திரும்ப வேண்டும் என்றார் அண்ணாச்சி. முழுத் திரையையும் ஒரே படமாக எடுத்து வைக்கலாம் என்று மதினி முயன்றாள். மிஷின் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு துண்டுக்கு இவ்வளவுதான் இடம் என்று ஒரு வரம்பு இருந்தது. முழுத் திரை அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது. சார் கைவிரித்தார். மதினி ஒரு தாளை எடுத்துக் குறுக்காக மடித்து, மறுபடி மடித்து, பிரித்துப் பார்த்தாள். "நாலு துண்டா எடுத்துக்கிடுவோம். ஒவ்வொண்ணா வச்சா மேலருந்து கீழ திரைச்சீலை எறங்குற மாதிரி இருக்கும். அழகாத்தான் இருக்கும்" என்றாள். அழகாகத்தான் இருந்தது. பிற்பாடு ஊரில் பலர், அதை வேண்டுமென்றே அப்படி வைத்தோம் என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

ஒரு நாள் முழுக்கச் செய்த எழுத்துகள் கரண்ட் போனதும் மொத்தமாகப் போயின. நினைவகத்தில் இருப்பது மின்சாரம் இருக்கும் வரைதான். நான் அழுதேவிட்டேன். மதினி அழவில்லை. கரண்ட் வந்ததும், நினைவகத்தில் இருக்கும் படத்தைக் கோப்பாக டிஸ்கில் எழுதி வைக்கவும் திரும்ப எடுத்து அதே இடத்தில் வைக்கவும் புரோகிராமில் வழி செய்த பிறகுதான் எழுத்துகளைத் தொட்டாள்.

எல்லாம் தயாரான பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. மிஷின் மைதானத்தில், ஸ்கோர் எழுதுகிறவர்களின் மேஜைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வாரம் தினமும் சாயங்காலம் யார் அங்கே உட்கார்ந்து இயக்குவது? சாருக்குப் பெட்டி, வயர், ஜெனரேட்டர் இணைப்பு என்று கை நிறைய வேலை. புரோகிராமின் ஒவ்வொரு விசையும் தெரிந்தவள் மதினி. சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஆண்கள் உட்கார்ந்திருக்கும் மைதானம் அது.

அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள். "கோயில் கொடை விழான்னாகூடப் பரவாயில்ல. பந்து வெளையாடுற எடத்துல, விளக்கு வெளிச்சத்துல, நம்ம வீட்டு மருமகளா?" மதினி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அண்ணன் ஷிப்ட் முடிந்து சிமெண்ட் தூசியோடு வந்தவன், கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அதிகம் பேசாதவன். அன்று பேசினான். "எம்மா, நானும் அங்கதான் போறேன் ஆட்டம் பாக்க. இவ மேசைக்குப் பக்கத்துலயே ஒக்காந்துக்கிடுதேன். தங்கச்சியும் கூட இருப்பா. இவ ரெண்டு மாசமா செஞ்சத வேற ஒருத்தன் ஒக்காந்து தட்டிக் கெடுக்கணுமா?" அம்மா அவனுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். எங்கள் வீட்டில் அது சம்மதம்.

முதல் நாள் ஆட்டம் நன்றாகவே போனது. கேபிள் அண்ணாச்சி கையை உயர்த்துவார், கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுவார், ஸ்கோர் பலகை வந்து நிற்கும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து. எங்கள் மானிட்டரில் மிக அழகு. பெருமையோடு வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்த அம்மா, "என்னத்தப் போட்டீங்க? ஒண்ணும் தெரியல" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை. அம்மா எங்கள் வீட்டு டிவியைக் காட்டினாள். கறுப்பு வெள்ளை டிவி. அதில் நீலமும் சிவப்பும் ஒரே சாம்பல். எழுத்து பின்னணிக்குள் கரைந்து போயிருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்த டிவிதான். கலர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவே இல்லை. மதினி டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அத்த, எது தெரிஞ்சுது, எது தெரியலன்னு ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங்க" என்றாள். அம்மா முதலில் கொஞ்சம் திகைத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். வெள்ளைக் கோடு தெரிந்தது. ஓரத்தில் வெளுப்பாக ஒரு பட்டை இருந்ததே, அது நன்றாகத் தெரிந்தது; நாங்கள் மஞ்சளில் போட்ட பட்டை அது. அணியின் பெயர் தெரியவில்லை. எண் பெரிதுதான், ஆனால் மூன்றா எட்டா என்று தடுமாற்றமாக இருந்தது.

மூன்று நான் செய்தது. மறுநாள் அதை அகலமாக்கினேன். மதினி பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை மஞ்சளாக்கினாள். சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றாள். "இன்னிக்கு அம்புட்டும் தெரிஞ்சுது. ஆனா பெங்களூருங்கிறதுல ளூவோட வால் ரொம்ப நீளம். கீழ இருக்க கோட்ட இடிக்குது." மதினி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அதற்கடுத்த நாள் அந்த வால் குறைந்திருந்தது. அம்மா அதையும் கவனித்துச் சொன்னாள். ஆட்டம் அவளுக்கு ஒன்றும் புரியாது. யார் ஜெயித்தாலும் கவலையில்லை. எழுத்தைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் சமையலை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தாள்.

நான்காம் நாள் மதினி பந்தை விட்டாள். ஒவ்வொரு முறை கூடையில் பந்து விழும்போதும் ஸ்கோர் பலகையிலும் ஒரு ஆரஞ்சுப் பந்து வளைந்து பறந்து வலைக்குள் விழும். நகரும் படம் பின்னணியை அழித்துக்கொண்டு போகாமல் இருக்க அவள் நூலகத்தில் ஒரு உபாயம் கண்டுபிடித்திருந்தாள். படத்தைத் திரையில் வைக்கும்போது அங்கே இருப்பதோடு கலந்து வைக்கும் ஒரு முறை உண்டு. அதே படத்தை அதே இடத்தில் இரண்டாம் முறை வைத்தால் படம் மறைந்து, முன்பு அங்கே இருந்தது அப்படியே திரும்ப வந்துவிடும். வை, மறுபடி வை, ஒரு அடி நகர்த்தி வை. பந்து பறந்தது. வெள்ளைக் கோட்டைக் கடக்கும்போது மட்டும் ஒரு கணம் நிறம் மாறும். மறுநாள் காய்கறிக் கடையில் ஒருவர் இன்னொருவரிடம், "ஸ்கோர்ல ஒரு பந்து வருதே, அதுக்காகவே பாக்கேன்யா" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். மதினி கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே நின்றாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

எங்கள் ஊர் அணி அரையிறுதியிலேயே தோற்றுவிட்டது. இறுதி ஆட்டம் சென்னைக்கும் கேரளாவுக்கும். கேரள அணியில் இடது கையால் பந்து போடும் ஒரு நெட்டைப் பையன் இருந்தான். வாரம் முழுக்க அவன் ஆட்டத்தைப் பார்த்த எங்கள் ஊர், அவனைச் சொந்தப் பிள்ளையாக எடுத்துக்கொண்டிருந்தது. மூங்கில் கேலரி கொள்ளாமல் கூட்டம். சுற்றுச்சுவர் மேலெல்லாம் ஆட்கள். உள்ளே வர முடியாதவர்கள் எல்லாம் டிவி முன்னால். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதினியின் அப்பா பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர்கள் ஊரில் அண்ணாச்சியின் கேபிள் இல்லை. மகள் செய்வதைப் பார்க்க எங்கள் வீட்டு டிவிதான் வழி. அவருக்குத் துணையாக அண்ணன் அன்று மைதானத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டான். மதினிக்குக் காவலாக அவன் ஏன் போகவில்லை என்று அம்மாவும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது, இரண்டு அணிகளும் சம நிலையில் இருக்கும்போது, மைதானத்துக்கு வரும் கரண்ட் போனது.

மைதானமே இருளில் மூழ்கியது. கூட்டம் ஒரே குரலில் ஓவென்று கத்தியது. ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவந்து வெளுத்தன. ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்து நின்றார்கள். எங்கள் மிஷின் எழவில்லை. விசிறி சுற்றியது, திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. ஹார்ட் டிஸ்கைக் காணோம் என்றது அந்த வரி. சார் பெட்டியைத் தட்டினார், வயரைப் பிடுங்கி மாட்டினார். அதே வரி. அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கேபிள் அண்ணாச்சி, "சார், ஊரே பாக்குது! போடுங்க சார்!" என்று கத்தினார். நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் தொடங்கிவிட்டது.

மதினி குனிந்து தன் பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தாள். "சார், செத்த தள்ளிக்கோங்க" என்றாள். அந்த ஃப்ளாப்பியிலேயே மிஷினை எழுப்பவும் புரோகிராமை ஓட்டவும் வேண்டியதெல்லாம் இருந்தது. எல்லா எழுத்துகளும் எண்களும் பந்தும் இருந்தன. தினமும் மாலை கிளம்பும் முன் அவள் அதைப் புதுப்பித்து வந்திருக்கிறாள். எனக்கே தெரியாது. டிரைவின் சிறிய விளக்கு எரிந்தது. கரகரவென்று சத்தம். ஒவ்வொரு படமாக அது படித்து நினைவகத்தில் ஏற்றுவது எனக்குக் கேட்டது. அவ்வளவு கூச்சலுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. மதினி திரையைப் பார்க்கவில்லை. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் ஸ்கோரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சென்னை ஒரு கூடை போட்டது. கேரளா ஒன்று போட்டது. கடைசி நொடிகளில் அந்த இடது கைப் பையன் இரண்டு பேருக்கு நடுவில் எழும்பினான். பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. விசில். கூட்டம் உடைந்துகொண்டு எழுந்தது. அண்ணாச்சி கையை உயர்த்தினார். அந்தக் கணத்தில் எங்கள் திரையில் மேலிருந்து கீழாக நான்கு துண்டுகளாகப் பலகை இறங்கி நின்றது. மஞ்சள் எழுத்தில் கேரளா, மஞ்சள் எழுத்தில் சென்னை, சரியான எண்கள். ஆரஞ்சுப் பந்து வளைந்து பறந்து வலைக்குள் விழுந்தது. சார் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சின்னப் பையனைப் போலக் குதித்தார். மதினி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

பரிசு கொடுக்கும்போது நன்றி அட்டை போட வேண்டும். மதினி அதை முன்பே செய்து வைத்திருந்தாள். போட்டி நடத்தியவர்கள், கேபிள் அண்ணாச்சி, எங்கள் சென்டர், எல்லாம் இருந்தது. அவள் பெயர் இல்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியிருந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. அவள் பெயரில் ஒரு 'ஞ' வரும். எந்த அணியின் பெயரிலும், நன்றி அட்டையிலும் ஞ கிடையாது, ஆகவே நாங்கள் அந்த எழுத்தைச் செய்யவே இல்லை. முந்தின நாள் மத்தியானம் அவள் சாப்பிடப் போன நேரத்தில் நான் கட்டம் கட்டமாக ஒரு ஞ செய்து, அவள் பெயரைக் கோத்து, ஒரு படமாக மற்ற எழுத்துகளோடு சேமித்து வைத்திருந்தேன். அவள் அறியாமலே அது அந்த ஃப்ளாப்பிக்கும் போயிருந்தது.

மேடையில் கோப்பையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மதினி தண்ணீர் குடிக்க எழுந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து விசையைத் தட்டினேன். நன்றி அட்டைக்கு நடுவில் அவள் பெயர் வந்து நின்றது. 'எழுத்தும் படமும்' என்று எழுதி, அதன் கீழே அவள் பெயர். அண்ணாச்சி அதைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கேமராவுக்கு மாற்றாமல் வெகு நேரம் அதையே விட்டுவிட்டார். திரும்பி வந்த மதினி மானிட்டரைப் பார்த்துக் கையில் டம்ளரோடு நின்றுவிட்டாள். "ஏட்டி, என்ன செஞ்சு வச்சிருக்க!" என்றாள். திட்டுவது போலத்தான் ஆரம்பித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதையே பார்த்தாள்.

வீட்டில் நடந்ததை அண்ணன் பிறகு சொன்னான். பெயர் வந்ததும் மதினியின் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாராம். ஊரில் உள்ள அத்தனை பேர் பெயரையும் கோத்துக் கொடுத்தவர், மகளின் பெயர் திரையில் நின்ற நேரம் முழுக்க உட்காரவே இல்லையாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் வாசலில் கூடிவிட்டார்களாம். "ஒங்க மருமகளா?" என்று ஒருத்தி கேட்டதற்கு அம்மா, "பின்ன ஒங்க மருமகளா?" என்றாளாம்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒன்றும் புகழவில்லை. சோறு போட்டாள். மதினியின் அப்பாவுக்கு இன்னொரு அப்பளம் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கடைசியா ஒரு பேரு வந்துச்சே. அதுல அந்த ஞ மட்டும் கோணலா இருந்துச்சு" என்றாள். அம்மா மதினி பக்கம் கையைக் காட்டினாள். "அது இவ செஞ்சது இல்ல. இவ செஞ்சா அப்படி வராது. நீதான செஞ்ச?"

நான் இன்று பெரிய நகரத்தில், கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறேன். அன்று நான்கு துண்டாக வெட்ட வேண்டியிருந்த திரையைப் போல எத்தனையோ திரைகளை இப்போது கையில் இருக்கும் போன் ஒரு நொடியில் விழுங்கிவிடும். எங்கள் அலுவலகத்தில் சேரும் பிள்ளைகளுக்குப் படத்தை நினைவகத்தில் வரைந்து ஒரே வீச்சில் திரைக்கு மாற்றுவது புதிய விஷயமே அல்ல. அது எப்போதும் இருந்தது என்று நினைக்கிறார்கள். மதினி அதே ஊரில் அந்த சென்டரின் ஆசிரியை ஆனாள். பின்னால் சார் சென்னைக்குப் போனபோது சென்டரைத் தானே எடுத்து நடத்தினாள். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒன்று திறந்தாள். அவளிடம் படித்தவர்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அன்று அதைப் படிக்க வேண்டியவர்கள் எல்லாரும் படித்துவிட்டார்கள்.

போட்டி முடிந்த வாரமே என் கோர்ஸும் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் நான் தாமதமாக எழுந்து வந்தபோது மதினி புடவை மாற்றிப் பையை எடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நின்ற அம்மா அவளை எங்கே என்று கேட்கவில்லை. தூக்குவாளியில் தயிர்சோற்றை அமுக்கி மூடிக் கையில் கொடுத்தாள். "மொதல்ல அந்த ஞவச் சரி பண்ணு" என்றாள். மதினி தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள். துணைக்கு யாரும் போகவில்லை.